காலித் தட்டு

"கடன்பட்டவன் காவி கட்டலாமா தாயே?"

கும்பிட்டபடியே கேட்டார் தளவாய். தலையெல்லாம் நரை. கீழத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர்.

ஆற்றங்கரை மடத்தில் பூரணத்தம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவருடைய மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் ஊரே அவளைத் தாயே என்றுதான் கூப்பிடும்.

"யாருக்குக் கடன் அண்ணாச்சி?"

"பாதித் தெருவுக்கு. எல்லார்ட்டயும் வாங்கி மிளகாய் வத்தல் பிடிச்சுப் போட்டேன். மழையில சரக்கு வச்சிருந்த கிட்டங்கி ஒழுகி, பூராவும் பூஞ்சை பிடிச்சுப் போச்சு."

"தெருவுல சொன்னியளா?"

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்ல? முப்பிடாதி, மக கல்யாணத்துக்குச் சேர்த்ததையில்லா தூக்கித் தந்தா. அவ வாசலைத் தாண்ட முடியல. விடியுமுன்னே கிளம்பி வந்துட்டேன்."

"கடை?"

"காலி. பூட்டியாச்சு. எல்லாத்தையும் விட்டுட்டேன் தாயே."

"அந்த மூட்டை?"

தளவாய் மூட்டையைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினார்.

"தராசு. எடைக்கல்லு. அப்பா பிடிச்ச தராசு... விட்டுட்டு வர மனசு வரல."

அம்மா சிரித்துவிட்டாள்.

"நல்ல சாமியாருதான். சரி, அப்பா இருக்கும்போது கடை எப்படி இருக்கும்?"

அவர் முகம் மாறிப்போனது.

"உள்ள நுழைஞ்சதும் கருப்பட்டி வாசம் வரும் தாயே. சாக்கு மேல பூனை படுத்திருக்கும். வார பிள்ளையளுக்கெல்லாம் அப்பா ஆளுக்கு ஒரு பிடி பொரிகடலை கொடுப்பாரு. மத்த நேரம் கடன் கேட்டா இல்லைங்க மாட்டாரு. ஆனா காலையில முதல் போணி மட்டும் கைக்காசுதான். சாமியே வந்து நின்னாலும் போணில கடன் கிடையாது."

"ம்."

"அந்த முப்பிடாதி இருக்காளே, அப்ப சின்னப் பிள்ளை. பாவாடை நுனியில காசை முடிஞ்சுக்கிட்டு ஓடி வருவா. அவ கைராசிக்காரின்னு அப்பா அவளுக்காகக் காத்துக் கெடப்பாரு..."

துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆற்றில் யாரோ துணி துவைக்கும் சத்தம் கேட்டது.

அம்மா கீரையை ஒதுக்கி வைத்தாள்.

"தராசைப் பிடிங்க."

பிடித்தார். இரண்டு தட்டும் காலியாய் ஆடி, ஆடி, நின்றது.

"இதுல என்ன தெரியுது?"

"முள்ளு நேரா நிக்குது."

"தட்டுல ஒண்ணுமே இல்லையே?"

"ஒண்ணும் இல்லாதப்பதான் தாயே முள்ளு சரியான்னு பார்க்க முடியும். மொதல்ல காலித் தட்டைத் தூக்கிக் காட்டுவோம். அதுக்கப்புறந்தான் நிறுவை."

"யாருக்குக் காட்டுவிய?"

"கடைக்கு வாரவங்களுக்கு."

"அப்ப எனக்கு எதுக்குக் காட்டுதிய?"

தளவாய் கை இறங்கவில்லை. பிறகு தராசை மூட்டையில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டார்.

அம்மா மறுபடி கீரையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

---

மறுநாள் காலையில் அவர் முப்பிடாதி வாசலில் நின்றார்.

"வாங்க அண்ணாச்சி! ஓடிப்போயிட்டியன்னுல்லா சொன்னாவ!"

"ஓடத்தான் செஞ்சேன் தாயி."

தராசைத் தூக்கிப் பிடித்தார். காலித் தட்டு.

"எல்லாம் போச்சு. வத்தல் அழுகிப் போச்சு. உன் பணமும் அதுலதான் போச்சு. பாத்துக்க."

"எம் மவ கல்யாணம்?"

"தந்திருவேன். எப்பன்னு சொல்லத் தெரியல."

முப்பிடாதி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு விருட்டென்று உள்ளே போனாள்.

கதவைச் சாத்தப்போகிறாள் என்று நினைத்தார்.

ஓர் ஓலைப்பெட்டி நிறையப் புளியோடு வந்தாள். தட்டில் வைத்தாள்.

"நிறுங்க. தெருமுனையில புளி வியாபாரி வண்டியோட நிக்கான். அவன் தராசை எவ நம்புவா? நாலு வீட்டுப் புளி காத்துக் கெடக்கு."

அவர் மறு தட்டில் எடைக்கல்லை வைத்தார். முள் நேராக நின்றது. நிறுத்துச் சொன்னார்.

முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு காசை நீட்டினாள்.

"கூலி."

"அதை என் கடன்ல கழிச்சுக்க தாயி."

"நல்லாருக்கே! போணில கடன் பேசுதியளே அண்ணாச்சி? கையை நீட்டுங்க."