பின்பாரம்

ஏலத்தோட்ட முதலாளி பூபதிக்கு மலையிலும் மெத்தை வேண்டும். அதற்காக ஜீப்புக்குப் பின்னால் இழுக்கும் கூண்டு வீடுகள் இரண்டு வைத்திருந்தார். போன வாரம் அதில் ஒன்று இறக்கத்தில் ஜீப்பையும் இழுத்துக்கொண்டு பள்ளத்தில் விழுந்தது. டிரைவர் இருளப்பன் செத்தான். குடித்துவிட்டு ஓட்டினான் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

தோட்டத்தில் சுமையேற்றும் சடைச்சி, இருளப்பனின் தங்கை, விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் எதிரில் வந்து நின்றாள்.

“எங்க அண்ணன் குடிக்கவே மாட்டாருங்க.”

“செத்தவனே எந்திரிச்சு வந்து சொல்லுவானா?” என்று சிரித்தார் பூபதி.

“வேண்டாங்க ஐயா. நீங்க சொன்னாப் போதும்.”

வேறொரு ஜீப்பில் பூட்டியிருந்த மற்றக் கூண்டு வண்டியில் அவள் சாமான் ஏற்றினாள். தண்ணீர்த் தொட்டி, ஜெனரேட்டர், இரும்புக் கட்டில் எல்லாம் வால்பக்கம் போயின. முன்பக்கம் சாய்வு நாற்காலி மட்டும்.

“அன்னிக்கும் இப்படித்தானே ஏத்தச் சொன்னீங்க?”

“ஆமா. எனக்குக் கால் நீட்ட இடம் வேணும். பாரம் சரியாத்தான் இருந்துச்சு.”

“அப்ப ஏறுங்க ஐயா. குடிக்காத டிரைவர் இருக்காரு. அதே இறக்கத்துல ஒரு தடவை போயிட்டு வந்துருங்க.”

இன்ஸ்பெக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் பூபதி பின்படியில் கால் வைத்தார். வண்டியின் மூக்கு ஜீப்பின் பின்புறத்தை மேலே தூக்கியது. அவர் துள்ளிக் கீழே குதித்தார்.

“பின்னாடி இம்புட்டு பாரத்தோட இறங்கினா வண்டி வாலாட்டிக் கவுந்துரும்! என்னைக் கொல்லப் பாக்குறியா?”



“இதையேதாங்க அன்னிக்கு எங்க அண்ணனும் சொன்னாரு,” என்றாள் சடைச்சி. “நீங்கதான் ஓட்டுடான்னீங்க.”