நறுக்காமல் விட்ட கம்பி

இந்தப் புதிரில் ராஜகுமாரி கிடையாது, புதையலும் கிடையாது. ஒரு பதக்கம் உண்டு. அதுவும் முலாம் பூசியது. ஆனால் முதுகெலும்பு அறுவை சிகிச்சை கற்கும் பயிற்சி மருத்துவர்கள் அதற்காகத் தவம் கிடந்தார்கள். பதக்கம் வாங்கும் ஆராய்ச்சியைத்தான் ஆண்டு மாநாட்டின் பெரிய மேடையில் வாசிக்க விடுவார்கள். மற்றவை மாடிப்படி ஓரம் சுவரில் தொங்கும். காபிக்குப் போகிற பெரிய டாக்டர்கள் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

அந்தப் பதக்கத்துக்கு விதி வகுத்தவர் மதுரை டாக்டர் அங்கயற்கண்ணி. பயிற்சி மருத்துவர் ராப்பகலாக உழைக்க, பேராசிரியரின் பெயர் முதலில் வந்து உட்கார்ந்துகொள்ளும் வழக்கத்தைப் பார்த்து வயிறெரிந்தவர். சண்டை போட்டு விதியை மாற்றினார். பேராசிரியர் பெயரும் வேண்டாம், ஒப்புதலும் வேண்டாம். கட்டுரை நேராக வரட்டும், எழுதியவர் பெயரை மூடிவிட்டு இரண்டு நடுவர்கள் படிக்கட்டும். எந்த ஆஸ்பத்திரிக் கட்டுரை என்று நடுவருக்குத் தெரிந்துபோனால் உடனே வாய்விட்டுச் சொல்ல வேண்டும், கட்டுரை விலக்கப்படும். இருவரும் கையெழுத்திட்டால்தான் பரிசு. ஒருவர் எழுந்து போனாலும் அந்த ஆண்டு பதக்கமே இல்லை. ஓட்டையே இல்லாத விதி என்று அன்று அவருக்குப் பெருமை.

இந்த ஆண்டு மாநாடு திருச்சியில். அங்கயற்கண்ணியும் திருநெல்வேலி டாக்டர் ஜமாலுதீனும் நடுவர்கள். கடைசியில் இரண்டு கட்டுரைகள் மிஞ்சின. முதலாவதில் பழுதில்லை, புதிதாகவும் ஒன்றுமில்லை. இரண்டாவதைத் திரையில் விரித்தபோது ஓர் எக்ஸ்ரே வந்தது. அங்கயற்கண்ணி திரையை நோக்கிக் குனிந்தார்.

முதுகெலும்பில் ஸ்க்ரூக்களை முடுக்கி, அவற்றைக் கம்பியால் இணைத்து, மிச்சக் கம்பியை ஒட்ட நறுக்கிவிடுவதுதான் எல்லோர் வழக்கமும். அங்கயற்கண்ணி மட்டும் நுனியைக் கொஞ்சம் நீளமாக விடுவார். பின்னால் எப்போதாவது கம்பியை அடுத்த எலும்புக்கும் நீட்டிக்க வேண்டி வந்தால் உதவுமே என்ற நல்லெண்ணம்தான். தமிழ்நாட்டில் வேறு யாரும் அப்படி விடுவதில்லை. தன் கைவேலை அவருக்குத் தெரியாமல் போகுமா?

கட்டுரை சொன்னது இதுதான்: ஒல்லியான நோயாளிகளுக்கு அந்த நுனி உள்ளிருந்து குத்துகிறது. மல்லாந்து படுக்க முடியவில்லை. அதை எழுதியவர் நோயாளிகளைப் பெரிய டாக்டரின் அறையில் வைத்துக் கேட்கவில்லை. தையல் பிரிக்கும்போது, கட்டு மாற்றும்போது கேட்டிருக்கிறார். அங்கேதான் அவர்கள் வாய் திறந்திருக்கிறார்கள். பெரிய டாக்டர் எப்போது கேட்டாலும், "நல்லா இருக்கேம்மா" என்று கும்பிட்டவர்கள் அவர்கள். அத்தனை கும்பிடும் இப்போது அவர் கண்முன் வந்து நின்றது.

ஜமாலுதீன் உற்சாகமாகிவிட்டார். "இதுதான் மேடம் ஆராய்ச்சி! கேக்க வேண்டிய எடத்துல கேட்டிருக்கு பாருங்க இந்தப் புள்ள. மேடையில வாசிச்சா நாளைக்கே நாலு பேரு திருந்துவான்."

"ம்."

"நுனிய இப்படி விடுத மனுஷன் யாருன்னு தெரியல. பாவம், அவருக்கே தெரிஞ்சிருக்காது."

அங்கயற்கண்ணி தண்ணீரை எடுத்தார், குடிக்காமல் வைத்தார். அவருடைய துறையில் நான்கு பயிற்சி மருத்துவர்கள். யார் எழுதியது என்று தெரியாது. ஆனால் நான்கில் ஒருவர், தன்னிடம் சொல்லப் பயந்து, பெயரை மூடும் இடமாகப் பார்த்து இதைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்.

உண்மையைச் சொன்னால் விதி நிற்கும். கட்டுரை போய்விடும், அதோடு அவருடைய தவறும் வெளியே வராது. ஜமாலுதீனிடம் பேசி முதல் கட்டுரைக்குக் கையெழுத்துப் போட வைத்தாலும், எழுந்து போய்விட்டாலும் அப்படியே. வாயை மூடிக்கொண்டு இதற்கே போட்டால், தானே போட்ட விதியைத் தானே மீறியவர் ஆவார். பெயரைத் திறந்ததும், தன் துறைப் பிள்ளைக்குத் தானே பரிசு கொடுத்துக்கொண்டார் என்று ஊர் சிரிக்கும்.

"போட்டிரலாமா மேடம்?" என்று ஜமாலுதீன் பேனாவை நீட்டினார்.

கேட்பவர்களே, அங்கயற்கண்ணி என்ன செய்தால் சரி?

விடை: பேசாமல் இந்தக் கட்டுரைக்கே கையெழுத்திட வேண்டும். பேராசிரியர்களிடமிருந்து பயிற்சி மருத்துவர்களைக் காக்கத்தான் அந்த விதி வந்தது. இன்று அதைக் காப்பாற்றினால், அது பேராசிரியரைத்தான் காக்கும். மற்ற எந்த வழியிலும் தப்பிப்பது அவர் ஒருவர்தான். ஆகவே அவை சரியாக இருக்க முடியாது. கட்டுரை வாசித்து முடிந்ததும் அவர் எழுந்து, கம்பி தன்னுடையது என்றும், தெரிந்தே பேசாமல் இருந்ததாகவும் சபையில் சொல்ல வேண்டும். மாநாட்டுக்காரர்கள் பதக்கத்தை அப்போது பிடுங்கிக்கொள்ளலாம். அந்தப் பிள்ளைக்கு அது அநியாயம்தான், அதற்கு என்னிடம் விடையில்லை. ஆனால் சபை கேட்டது கேட்டதுதான். மறுநாள் அவர் வார்டுக்குப் போய், "மல்லாந்து படுக்க முடியுதா?" என்று ஒவ்வொருவரையும் கேட்க வேண்டும். அப்போதும் அவர்கள், "நல்லா இருக்கேம்மா" என்றுதான் சொல்வார்கள்.