ஒரு மக் தண்ணீர்

மெக்கானிக் பட்டறையில் ரெஜினா பழைய வேட்டித் துணியால் ஒரு வேனின் இன்ஜினைத் துடைத்துக்கொண்டிருந்தாள். குளித்து வந்த குழந்தையின் காதுமடலைத் துடைப்பதுபோல, ஒரு சொட்டு ஈரம் விடாமல். மழையில் நனைந்து எந்த வண்டி வந்தாலும், மேஸ்திரி கை வைப்பதற்குள் துடைத்துவிடுவாள். அது அவள் மேஸ்திரிக்குச் செய்யும் மரியாதை.

மேஸ்திரி மெஹருன் அவளைவிட இரண்டு வயது இளையவள். வால்பாறையில் ஓடும் வண்டிகளின் வியாதியைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். இந்த ஒரு வண்டி மட்டும் அவளையும் ஏய்த்துக்கொண்டிருந்தது.

டிரைவர் தங்கப்பன் மூன்றாம் முறையாக வந்திருந்தார்.

"மழை வந்தா பேட்டரி லைட் எரியுதும்மா. ஸ்டியரிங் கல்லு மாதிரி இறுகிப்போகுது. காலையில கொண்டை ஊசி வளைவுல வண்டி திரும்பவே மாட்டேன்னுடுச்சு. உள்ள ஆறு பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க. மூணு மணிக்கு அதுங்களைத் திரும்பக் கூட்டிட்டு வரணும்."

மெஹருன் இன்ஜினை ஓடவிட்டாள். லைட் எரியவில்லை. ஸ்டியரிங் வெண்ணெயாகத் திரும்பியது.

"பாத்தியா! இங்க வந்தா மட்டும் நல்ல பிள்ளையாயிடுது," என்றார் தங்கப்பன்.

"ரெண்டு கோளாறு இருக்கும் போல, மேஸ்திரி," என்றாள் ரெஜினா. "பேட்டரிப் பக்கம் ஒண்ணு, ஸ்டியரிங் பக்கம் ஒண்ணு. எதை முதல்ல பிரிக்கட்டும்?"

மெஹருன் ரெஜினாவின் கையிலிருந்த ஈரத் துணியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒரு மக் தண்ணீர் மொண்டு வந்து, ஓடும் பெல்ட்டின் மேல் ஊற்றினாள்.

கீச்சென்று ஓர் அலறல். சிவப்பு லைட் எரிந்தது. தங்கப்பன் இரண்டு கையாலும் இழுத்தும் ஸ்டியரிங் அசையவில்லை.

"பேட்டரிக்குச் சார்ஜ் ஏத்துறதும் இந்த பெல்ட்தான், ஸ்டியரிங்கை லேசாக்குறதும் இதேதான். தேஞ்சு கிடக்கு. நனைஞ்சா வழுக்குது," என்றாள் மெஹருன்.

"இத்தனை நாளா இது ஏன் தெரியல?" என்று கேட்டார் தங்கப்பன்.

ரெஜினா துணியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"யாருக்குத் தெரியும்ணே? வண்டிக்குக் கூச்சமா இருந்திருக்கும்," என்றாள் மெஹருன்.

புது பெல்ட்டை மாட்டி மறுபடியும் தண்ணீர் ஊற்றினார்கள். சத்தமில்லை, லைட்டும் இல்லை. தங்கப்பன் ஒற்றை விரலால் ஸ்டியரிங்கைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பிள்ளைகளை அழைத்துவரக் கிளம்பினார்.

ரெஜினா ஒளித்து வைத்த துணியை முன்னால் எடுத்தாள். "மேஸ்திரி, அந்தப் பிள்ளைங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா... ஒவ்வொரு தடவையும் நான்தான் துடைச்சுத் துடைச்சு..."

"ரெஜினா!" மெஹருன் அதற்குள் வாசலுக்குப் போயிருந்தாள். "இன்னொரு வண்டி சொட்டச் சொட்ட வந்திருக்கு. அப்படியே உள்ள வரச் சொல்லு."