சடையன் வீட்டுச் சுவரை மடித்த கதை

இதை நான் நேரில் பார்க்கவில்லை. குனிந்தபாறைக்குப் போகும் பேருந்தின் நடத்துநர் சொன்னார். அவருக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டேன். அது அவருக்கே நினைவில்லை. அதனால் கேட்டதைக் கேட்டபடி சொல்லிவிடுகிறேன்.

குனிந்தபாறையில் சாலைக்காக மலையின் ஓரத்தை வெட்டியபோது உள்ளிருந்த பாறை அடுக்குகள் வெளியே தெரிந்தன. மடித்துப் போட்ட ஜமுக்காளம்போல அவை வளைந்து வளைந்து கிடந்தன. ஓரிடத்தில் மட்டும் அடுக்குகள் அறுந்து, ஒரு பக்கம் மற்றதைவிட முழங்கால் உயரம் மேலே ஏறியிருந்தது. அதைப் பார்க்க நகரத்திலிருந்து ஒரு புவியியல் அம்மா வந்தார். ஊரே அவரைச் சூழ்ந்துகொண்டது.

முன்வரிசையில் நின்றவர் சடையன். அவருக்கு மலையைப் பற்றிக் கவலையில்லை. அவர் வீட்டுத் தெருப்பக்கச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல் ஓடியிருந்தது. வெள்ளிக்கிழமை மகள் பூவரசியைப் பெண் பார்க்க வருகிறார்கள். விரிசல் விட்ட வீட்டில் பெண் எடுப்பார்களா என்று நினைத்து நினைத்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

"பாறை எப்படிம்மா மடியும்?" என்று கேட்டார்.

"பூமிக்குள்ள ரெண்டு பக்கமிருந்தும் அழுத்தம் வருதுங்க. ஆழத்துல, நல்ல சூட்டுல, ரொம்ப மெதுவா அழுத்தினா பாறைகூட மடியும். மேலாப்புல குளிர்ந்து கிடக்கிறதைச் சட்டுனு அழுத்தினா உடையும். உடைஞ்சு, ஒரு பக்கம் நழுவிடும்."

"மடிஞ்சா விரிசல் விடாதா?"

"மடியிற வரைக்கும் உடையாதுங்க."

அந்த அம்மா அடுத்த பேருந்தில் போய்விட்டார். சுவரைப் பற்றி அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? எல்லாம்தான் விளங்கிவிட்டதே.

அன்றே ஊர்த்தலைவர் வையாபுரி கூட்டம் போட்டார்.

"சடையன் சுவரை உடையவிடக் கூடாது. மடிச்சிடணும். ரெண்டு ஓரத்துலயும் ஆளுங்க நின்னு அழுத்தினா விரிசலும் மூடிக்கும்."

"அப்பா, விரிசல்மேல ஒரு சாமி படத்தை மாட்டிட்டா போதாதா?" என்றாள் பூவரசி.

கூட்டம் அவளைப் பரிதாபமாகப் பார்த்தது.

"படம் மாட்ட ஆணி அடிக்கணும். ஆணி அடிக்கிறது சட்டுனு அழுத்துறது. படிச்ச பொண்ணு பேசுற பேச்சா இது?" என்றார் தலைவர்.

சடையனுக்கும் மகளை நினைத்து வெட்கமாகப் போய்விட்டது.

சூட்டுக்குக் குறைவில்லை. சுவருக்குக் கம்பளி போர்த்தி, பக்கத்தில் அடுப்பு மூட்டி, வெந்நீர் ஒத்தடமும் கொடுத்தார்கள். ஆழம்தான் இடித்தது.

"சுவரு தரைக்கு மேல நிக்குதே, ஆழத்துக்கு எங்க போறது?" என்றார் சடையன்.

தலைவர் கூரையை அண்ணாந்து பார்த்தார். "நாலு பேரு கூரைமேல ஏறி நில்லுங்கய்யா. உங்களுக்குக் கீழ இருக்கிறதெல்லாம் ஆழந்தானே?"

நால்வர் ஏறினார்கள். கீழே பார்த்து, "ஆழமாத்தான் இருக்கு" என்று உறுதிப்படுத்தினார்கள்.

அடுத்தது மெதுவு. இதை மேற்பார்வையிட அனுபவசாலி வேண்டும். ஊராட்சி எழுத்தர் கலியமூர்த்தியை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் மேசைக்குப் போன மனு நகர்வதை இதுவரை கண்ணால் கண்டவர் இல்லை. இத்தனை காலம் அவரைத் திட்டியதற்காக ஊர் வருத்தம் தெரிவித்து ஒரு துண்டும் போர்த்தியது.

"நான் வேகமா வேலை பார்த்திருந்தா இந்த மலை என்னைக்கோ உடைஞ்சிருக்கும்" என்றார் எழுத்தர், அடக்கமாக.

பாதி ஊர் சுவரின் இந்த ஓரத்தில் தோளைக் கொடுத்தது. மீதி ஊர் அந்த ஓரத்தில். அழுத்துகிறார்களா, சாய்ந்து தூங்குகிறார்களா என்று சொல்ல முடியாத அளவுக்கு வேலை ஒழுங்காக நடந்தது. தும்மல் வந்தவர்கள் தெருமுனைக்குப் போய்த் தும்மிவிட்டு வந்தார்கள். சடையன் விரிசலில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மூடுதா மாமா?" என்று ஒருவன் கேட்டான்.

"விரல் கொஞ்சம் இறுக்கமா இருக்குடா."

"வெந்நீர்ல விரல் ஊதியிருக்கும்ப்பா" என்றாள் பூவரசி. அவளை உள்ளே போகச் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. மாப்பிள்ளை வீட்டு வேன் தெருவில் திரும்பி, பெரிதாக ஒரு ஹாரன் அடித்தது.

தோளைக் கொடுத்துத் தூங்கிக்கொண்டிருந்த ஊர் முழுக்கத் திடுக்கிட்டு விழித்து, இரண்டு பக்கமிருந்தும் ஒரே மூச்சில் தள்ளியது. சுவர் மடமடவென்று தெருவில் சரிந்தது. கூரை மரத்தூண்களின்மேல் நின்றதால் தப்பியது. மேலே நின்ற நால்வரும் இருந்த இடத்திலிருந்தே மாப்பிள்ளை வீட்டாருக்கு வணக்கம் சொன்னார்கள்.

"பாத்தீங்களா!" என்று தலைவர் துள்ளினார். "சட்டுனு அழுத்தினா உடையும்னு அந்த அம்மா சொன்னது அப்படியே பலிச்சிடுச்சு!"

ஊர் கைதட்டியது. சடையன் மட்டும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அடுப்படியில் காபி ஆற்றிக்கொண்டிருந்த பூவரசி தெருவிலிருந்தே தெரிந்தாள்.

மாப்பிள்ளையின் அப்பா பக்கத்து ஊரான நெளிவுக்காட்டுக்காரர். வேனிலிருந்து இறங்கி, தூசி அடங்கும்வரை நின்று, வீட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து பார்த்தார். அவர் முகம் கடுகடுவென்று ஆனது. சடையன் எழுந்து கைகூப்பினார்.

"உங்க வீட்டுச் சுவத்துல விரிசல் இருக்குன்னு எங்களுக்கு ஒருத்தன் போன் பண்ணிச் சொன்னான்" என்றார் அவர்.

"சம்பந்தி..."

"எங்கய்யா இருக்கு விரிசல்? தேடித் தேடிப் பாக்குறேன், மயிரிழை அளவுகூட இல்லையே! நல்ல குடும்பத்தைப் பத்தி எப்படியெல்லாம் பொய் சொல்றானுங்க!"

அங்கேயே தாம்பூலம் மாற்றினார்கள். மாப்பிள்ளை வீட்டார் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கல்யாணத்துக்குள் நெளிவுக்காட்டுக்கு வந்து அவர்கள் வீட்டு விரிசலையும் இதே முறையில் எடுத்துத் தர வேண்டும்.

இவ்வளவு கைதேர்ந்த ஆட்களைச் சும்மா விடலாமா? மலையில் அடுக்குகள் அறுந்த இடத்தையும் மூடிவிட, எழுத்தர் தலைமையில் ஊர் இப்போது முறைபோட்டு மலையிலேயே தோளைக் கொடுத்து நிற்கிறதாம். மறுபக்கத்தில் சம்பந்தி ஊர்.

நான் பிறகு விசாரித்துப் பார்த்தேன். அந்த அம்மா பாறையைப் பற்றிச் சொன்னது அத்தனையும் புத்தகத்தில் இருக்கிறது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது: அந்த மலையை மடித்த அழுத்தம் நின்று பல கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன. இதை நடத்துநர் மூலம் சடையனுக்குச் சொல்லி அனுப்பினேன். தோளை எடுக்காமலே அவர் பதில் சொன்னாராம்:

"நிக்காதா பின்ன? நாங்கதான் பிடிச்சுக்கிட்டு இருக்கோமே!"