கவின் கடித்த வாரம்

நடவுக்காலம் வந்தால் ஆசிரமக் கூடம் பால்வாடியாகிவிடும். வயலுக்குப் போகும் பெண்கள் காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டு, பொழுது சாய வந்து தூக்கிப்போவார்கள்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது சீடர் நாகலிங்கத்தின் பொறுப்பு. தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். குரு தவமணி அம்மா அவரைவிட இருபது வயது இளையவர்.

அந்த வாரம் செல்லக்கிளியின் மகன் கவின் மூன்றாவது முறையாகக் கடித்தான். இரண்டு வயது. பல் எல்லாம் வந்துவிட்டது, பேச்சுதான் இன்னும் வரவில்லை. அவன் கையிலிருந்த மரக்குதிரையைக் கூட விளையாடிய யாழினி பிடுங்கியிருக்கிறாள். அவள் தோளில் பல் பதிந்துவிட்டது.

"தாயே, இவனை நாளையிலிருந்து வரவேண்டாம்னு சொல்லிடலாம்" என்றார் நாகலிங்கம் குருவிடம்.

செல்லக்கிளி சேற்றுக்காலோடு வாசலில் நின்றாள். "அப்படிச் சொல்லாதீங்க ஐயா. இடுப்புல பிள்ளையோட போனா நடவுக்குச் சேக்கமாட்டாங்க. ஊர்ல சொன்னாங்கன்னு இவனைத் திருப்பிக் கடிச்சுக்கூடப் பாத்துட்டேன்."

"அப்புறம்?" என்றார் குரு.

"மறுநாள் என்னையே கடிச்சான்."

குருவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "நாளைக்குச் சாயந்திரம் முடிவு பண்ணுவோம். ஐயா, விடிஞ்சதிலிருந்து சாயந்திரம் வரைக்கும் நீங்க மௌன விரதம். ஜாடை கிடையாது, எழுத்தும் கிடையாது. பிள்ளைங்களை நான் பாத்துக்கறேன்."

முப்பது வருஷம் அதிகாரம் பண்ணிய வாய். ஆனாலும் நாகலிங்கம் மறுபேச்சுப் பேசவில்லை.

தியானத்தில் தோன்றுவதைப் பழைய அலுவலகப் படிவங்களின் பின்பக்கத்தில் எழுதி வைப்பது அவர் வழக்கம். இரண்டு வருஷ எழுத்து, ஒரே கட்டு. மறுநாள் மத்தியானம் சமையற்காரி அம்மாக்கண்ணு அதை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அன்று காலைதான் ஊரிலிருந்து திரும்பியிருந்தாள், விரதம் அவளுக்குத் தெரியாது. அச்சடித்த படிவத்தைப் பார்த்துக் கழிவுத்தாள் என்று நினைத்துவிட்டாள்.

நாகலிங்கம் பின்னாலேயே ஓடினார். "ம்ம்! ம்ம்!" என்றார்.

"என்ன ஐயா, பசியா? இதோ, உலை கொதிச்சிரும்" என்று முதல் தாளை அடுப்பில் செருகினாள்.

அவர் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். வளையல் உடைந்து ரத்தம் வந்தது. அம்மாக்கண்ணு அலறினாள்.

குரு வந்தார். நாகலிங்கத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. அம்மாக்கண்ணுவை உட்கார வைத்து, கையைக் கழுவி, துணி சுற்றினார். அவள் அழுகை அடங்கிய பிறகு எழுந்து, மிச்சத் தாள்களை எடுத்து நாகலிங்கத்திடம் கொடுத்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. செத்துவிடலாம் போலிருந்தது.

சாயந்திரம் செல்லக்கிளி வந்தாள். முகத்தில் பயம்.

"விரதம் முடிஞ்சது ஐயா. முடிவை நீங்களே சொல்லுங்க" என்றார் குரு.

நாகலிங்கம் முதலில் அம்மாக்கண்ணுவிடம் போய்க் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். பிறகு செல்லக்கிளியைப் பார்த்து, "நாளைக்கும் கூட்டிட்டு வாம்மா" என்றார்.

அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போன பிறகு கேட்டார்: "மறுபடியும் கடிச்சா, தாயே?"

"கடிபட்ட பிள்ளையை முதல்ல பாருங்க. அப்புறம் இவன் பக்கத்துல உக்காந்து, கடிச்சா வலிக்கும்னு சொல்லுங்க. 'தா', 'என்னுது'ன்னு ரெண்டு வார்த்தை சொல்லிக் குடுங்க. கோபத்தோட வேணாம்."

"எத்தனை நாள் பொறுக்கணும்?"

"நீங்க அரை நாள் தாங்கலை ஐயா. அவன் ரெண்டு வருஷமா மௌனத்துல இருக்கான்."