சுடலைமுத்துவோட சாவிக்கொத்து

ஒரு ஊர்ல ஒரு பூட்டுக்கடைக்காரர் இருந்தாராம். பேரு சுடலைமுத்து. இடுப்புல எப்பவும் பெரிய சாவிக்கொத்து. நடந்தா கிலுங் கிலுங்னு அடுத்த தெருவுக்கே கேக்கும். ம் சொல்லு கண்ணு, அப்பத்தான் கதை நகரும்.

"ம்."

அந்த ஊர்ல யாராவது வலிப்பு வந்து விழுந்தா, ஜனங்க பூட்டுக்கடைக்குத்தான் ஓடுவாங்க. சுடலைமுத்து வந்து விழுந்தவங்க கையில சாவியைத் திணிப்பார். கொஞ்ச நேரத்துல வலிப்பு நின்னுடும். "இரும்பு பட்டதும் நின்னுச்சு பாத்தியா"ன்னு ஊரே சொல்லும். அவருக்கு அதுல அவ்வளவு பெருமை. இதுக்குன்னு ஒரு டீகூட வாங்கிக் குடிக்க மாட்டார்.

அவருக்கு ஒரே மக, கோமதி. ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நர்ஸ் அக்கா வந்து முதலுதவி சொல்லிக்குடுத்தாங்க. "வலிப்பு பெரும்பாலும் தானாவே நிக்கும். தலைக்கு அடியில துணி வைங்க, ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. சாவி குடுத்தா நிக்காது. திணிக்கப் போய் விரல்தான் ஒடியும்"னாங்க. வகுப்பே திரும்பி கோமதியைப் பாத்துச்சு. அவ குனிஞ்சுகிட்டா.

அப்புறம் அப்பாகிட்ட சொல்லணும்னு சோறு போடும்போது வாயைத் திறந்தா. கடை சாத்தும்போது திறந்தா. கோயிலுக்குப் போற வழியில திறந்தா. மூணு தடவையும் வார்த்தை தொண்டையோட நின்னுருச்சு. அப்பாவோட பெருமையை எப்படிப் பிடுங்குறது?

"ம்ம்."

அப்போ ஒரு சந்தை நாள். பூக்கார வேலம்மா தடால்னு விழுந்தாங்க. கைகால் வெட்டி வெட்டி இழுக்குது. தலை டொம் டொம்னு தரையில அடிக்குது. கோமதி ஓடிப்போய் துப்பட்டாவை மடிச்சுத் தலைக்கு அடியில வெச்சா.

சோடாக்காரர் ஓடி வந்தார். "வாயில தண்ணி ஊத்துவோம்."

"வேண்டாம் அண்ணாச்சி, மூச்சுக்குழல்ல போயிரும். 108க்கு போன் போடுங்க."

அப்புறம் கறிக்கடைக்காரர் காலை அமுக்க வந்தார்.

"அமுக்காதீங்க மாமா. அத்தை பக்கத்துல கிடக்குற பூ வெட்டுற கத்தரிக்கோலை எடுத்துத் தள்ளி வைங்க."

அப்புறம்... கிலுங் கிலுங் கிலுங். யாரு, சொல்லு கண்ணு?

"சாவி மாமா."

அவரேதான். "தள்ளுட்டி"ன்னு குனிஞ்சு வேலம்மா கையைப் பிரிக்கப் போனார். கோமதி அப்பா கையைப் பிடிச்சா. இந்தத் தடவை சொல்லிட்டா.

"வேண்டாம்ப்பா. சாவியால நிக்கல, அது தானாவே நிக்கும். விரல் ஒடிஞ்சா அத்தையால பூக் கட்ட முடியாதுப்பா."

சுடலைமுத்து மகளைப் பாத்தார். வேலம்மாவோட விரலைப் பாத்தார். சாவியை மெதுவா இழுத்துக்கிட்டார்.

"அப்ப நான் என்னட்டி செய்ய?"

"காத்து வரணும்ப்பா. கூட்டத்தை விலகி நிக்கச் சொல்லுங்க."

கொத்தைத் தூக்கி ஆட்டினார் பாரு. கிலுங் கிலுங் கிலுங். "தள்ளு, தள்ளு, காத்து வரட்டும்." கூட்டம் அப்படியே விலகுச்சு. இழுப்பு கொஞ்சம் கொஞ்சமா அடங்குச்சு. கோமதி வேலம்மாவை ஒருக்களிச்சுப் படுக்க வெச்சா. எச்சில் வெளிய வழிஞ்சுது, மூச்சு புஸ் புஸ்னு சீராச்சு. அவங்க கண்ணு முழிச்சு முதல்ல கேட்டது என்ன தெரியுமா? "என் பூக்கூடை எங்க?"

அதுக்கப்புறமும் யாராவது விழுந்தா ஊரு பூட்டுக்கடைக்குத்தான் ஓடுது. மக தலைக்கு அடியில துணி வெச்சு அண்டை குடுப்பா. அப்பா முன்னால நின்னு கிலுங் கிலுங்னு காத்துக்கு வழி விடுவார்.

ம் சொல்லலியே... சரி. பூட்டுக்கடையைச் சாத்தியாச்சு, கதையையும் சாத்தியாச்சு. தூங்கு கண்ணு.