கொள்ளுப் புகையும் சோத்துப் புகையும்

ஒரு காலத்துல கொன்றையூர்னு ஒரு நாடு, அதை கோதண்டராயன்னு ஒரு ராஜா ஆண்டுக்கிட்டு இருந்தாரு. காலையில ஒரு சட்டம் போடுவாரு, மத்தியானம் அதை யாருய்யா போட்டதுன்னு கேப்பாரு. அப்படிப்பட்ட ராஜா.

அங்க பழைய மந்திரி ஒருத்தர், ஏழை வீடுகளுக்கு வாரம் நாலு படி அரிசின்னு ஏற்பாடு பண்ணிட்டுப் போய்ச் சேர்ந்துட்டாரு. செத்த மனுஷனை ஊரு இன்னும் வாழ்த்துதேன்னு வயிறு எரிஞ்சது, இப்போ புது மந்திரியா ராஜா பக்கத்துல உக்காந்திருக்குற மகரபூஷணத்துக்கு.

"மகாராஜா, இந்த தர்மத்தைச் சீர்திருத்தணும்"னாரு.

சீர்திருத்தம் என்னன்னா, சேவகன் தெருத்தெருவா போய்க் கூரையைப் பாக்கணும். புகை வந்தா அந்த வீட்டுல சோறு இருக்கு, அரிசி கிடையாது. புகை வரலையா, அந்த வீட்டுல ஆளே இல்ல, அரிசி கிடையாது. என்னா மூளை பாருங்க.

மாராயின்னு ஒருத்தி வீட்டுல புகை வந்துச்சு. காய்ச்சல்ல கிடந்த மகளுக்கு வெந்நீர் போட்டா, அவ்ளோதான். அரிசிப் பட்டியல்லேருந்து பேரை அடிச்சுட்டாங்க.

"சோறு இல்லைங்க, வெறும் தண்ணி."

"தண்ணிப் புகைக்கும் சோத்துப் புகைக்கும் சட்டத்துல வித்தியாசம் இல்லம்மா"ன்னான் சேவகன்.

மறுநாள் அவ அடுப்பே மூட்டல. "யாரும்மா நீ? இங்க ஆளில்லன்னு எழுதியாச்சே"ன்னான்.

ரெண்டே மாசத்துல அரிசி குடுக்குற களஞ்சியம் முன்னாடி ஈ காக்கா இல்ல. "வரிசையையே காணோம் மகாராஜா, வறுமையை ஒழிச்சுட்டேன்"னாரு மகரபூஷணம். ராஜா பூரிச்சுப் போய் அவருக்கு ஒரு விருந்து வச்சாரு.

விருந்துன்னா மட்டும் அரண்மனையில பரிமாறக் கூப்பிடுவாங்க மாராயியை. சோத்து வாளியோட வரிசையா பரிமாறிட்டு வந்தவ, மகரபூஷணத்தைத் தாண்டிப் போயிட்டா.

"ஏம்மா, இங்க ஒருத்தன் உக்காந்திருக்கேன்ல?"

"ஐயா வீட்டுல காலையில புகை வந்துச்சே. நானே பாத்தேன். சாப்பிட்டிருப்பீங்க."

"விருந்துக்காக நேத்துலேருந்து பட்டினி கிடக்கேன். அது என் குதிரைக்குக் கொள்ளு வேகவச்ச புகை."

"கொள்ளுப் புகைக்கும் சோத்துப் புகைக்கும் சட்டத்துல வித்தியாசம் இல்லைங்களே."

ராஜா விழுந்து விழுந்து சிரிச்சாரு. சிரிச்சு முடிச்சுக் குனிஞ்சா, அவரு இலையும் காலி.

"எனக்கு?"

"அரண்மனை அடுப்பு விடியறதுக்கு முன்னாடிலேருந்து புகையுதுங்க. இந்த ஊர்லயே பெரிய புகை உங்களோடதுதான்."

மாராயி வாளியைக் கீழ வைக்கல, வீட்டுல கிடக்குற மக முகம் அப்படியே கண்ணுல நின்னுச்சு.

வத்தக்குழம்பு வாசனை ராஜா மூக்குல ஏறுது. வயிறு ஒரு சத்தம் போட்டுச்சு பாருங்க, மூணாவது பந்தி வரைக்கும் கேட்டுச்சு.

"இந்தச் சட்டத்தை யாருய்யா போட்டது?"

அத்தனை கண்ணும் மகரபூஷணம் பக்கம் திரும்புச்சு.

"முத்திரை வச்சது தாங்கள்தான் மகாராஜா..."

"ஆமா, நான்தான். அந்த வெக்கத்தை நான் சோத்தோட சேத்து முழுங்கிக்கிறேன். உமக்கு இன்னைக்கு சோறு கிடையாது. அடிச்ச பேரெல்லாம் திரும்ப ஏறணும். களஞ்சியச் சாவி இனிமே மாராயி கையில. ஒவ்வொரு வீட்டுக்கும் மூட்டையை நீரே சுமந்துட்டுப் போம்."

முதல் மூட்டை மாராயி வீட்டுக்கு. சாயங்காலம் கூரைக்குக் கூரை புகை கிளம்புச்சு. தோள்ல மூட்டையோட நின்ன மகரபூஷணம் அதைப் பாத்ததும், பழக்கதோஷம், பேரை அடிக்கக் கை தானா எழுத்தாணியைத் தேடுச்சு.

"ஐயா," சாவிக்கொத்தை இடுப்புல சொருகிக்கிட்டே மாராயி சொன்னா, "மூலை வீடு இன்னும் புகையல. நடங்க."